பதினொரு வரிகளும் மூன்று பெட்டிகளும்



வலைப்பக்கங்களுக்கான காம்பொனன்ட்களைப் பலரும் பயன்படுத்தும்படி உருவாக்குவதும் பகிர்வதும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டன், தேதி கேட்கும் பெட்டி, மேலெழும் உரையாடல் சாளரம் என்று ஒரு முறை செய்து பல பக்கங்களில் பொருத்திக்கொள்ளக்கூடிய துண்டுகளைத்தான் காம்பொனன்ட் என்கிறோம். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘எப்படி’ என்பதில் தொடங்குவார்கள்: எந்த ஃப்ரேம்வொர்க், எந்தக் கருவி, பேக்கேஜை எங்கே ஏற்றுவது. அதற்கெல்லாம் நல்ல ஆவணங்கள் இருக்கின்றன. உட்கார்ந்து படித்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். நான் ‘எதை’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு காம்பொனன்டைப் பகிரும்போது உண்மையில் கைமாறுவது என்ன? நிரல் என்றுதான் சட்டென்று சொல்வோம். அந்தப் பதில் போதாது என்பது என் வாதம். ஒரு சிக்கலைப் பல வழிகளில் முயன்று பார்த்து, மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, இதுதான் சரி என்று யாரோ எடுத்த முடிவு அங்கே கைமாறுகிறது. நிரல் அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவே. முடிவு எதுவும் உள்ளே இல்லாத நிரலைப் பகிர்ந்தால் பெறுகிறவருக்குப் பாரம்தான் கூடும். நல்ல முடிவு ஒன்று பத்தே வரியில் அடங்கிவிட்டாலும் அதைப் பகிராமல் வைத்திருப்பது எல்லோருக்கும் நட்டம்.

மென்பொருளை உதிரி பாகங்களாகச் செய்து அலமாரியில் அடுக்கிவைக்க வேண்டும் என்ற ஆசை, வலை பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோவின் ஆதரவில் மென்பொருள் பொறியியல் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய், மென்பொருளுக்கும் உதிரி பாகத் தொழில் ஒன்று வேண்டும் என்று வாதாடினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கணிதத்தில் வரும் சைன் சார்பு. ஒருவருக்குத் துல்லியம் அதிகம் வேண்டும், இன்னொருவருக்கு வேகம் போதும்; ஒருவர் தரும் எண்கள் ஒரு வரம்புக்குள் இருக்கும், இன்னொருவருக்கு வரம்பே கிடையாது. இப்படித் தேவைகளைப் பெருக்கிப் பார்த்து, சைனுக்கு மட்டுமே முந்நூறு வகை கையிருப்பில் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார். வாங்குகிறவர் பட்டியலைப் பார்த்துத் தனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்வார். அந்தக் கனவு ஒரு வகையில் பலித்தது. 2010இல் வந்த என்பிஎம் களஞ்சியம் அவர் கேட்ட அலமாரியேதான். அவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாத அளவுக்குப் பெரியது. அந்த அலமாரியில் எதை அடுக்குவது என்பதில்தான் தகராறு வந்தது.

2016 மார்ச் 22 அன்று அந்தத் தகராறு ஊரறிய வெடித்தது. ஒரு பேக்கேஜின் பெயரை யார் வைத்துக்கொள்வது என்று என்பிஎம் நிறுவனத்தோடு ஏற்பட்ட பிணக்கில், ஒரு நிரலாளர் தான் ஏற்றியிருந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் தேவையான அளவுக்கு இடைவெளியோ சுழியமோ சேர்த்து, குறிப்பிட்ட நீளத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. மொத்தம் பதினொரு வரி. அது மறைந்ததும் பேபல் என்ற கருவி உட்பட அதை நேராகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் உலகெங்கும் கட்டமைக்க முடியாமல் நின்றன. சில மணி நேரத்துக்குள் என்பிஎம் அதை மீட்டுவைத்தது. பேக்கேஜைத் திரும்பப் பெறுவதற்கான விதியையும் பிறகு இறுக்கியது. இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், சிறிய பேக்கேஜ்களை நம்பாதே என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. சிறியது என்பது குற்றமில்லை. அந்தப் பதினொரு வரிக்குள் யோசித்துத் தீர்க்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லாததுதான் கோளாறு. இடப்பக்கம் சுழியம் சேர்ப்பதில் கருத்து வேறுபாட்டுக்கு என்ன இருக்கிறது? எழுதத் தெரிந்த எவர் எழுதினாலும் அதே விடைதான் வரும். அடுத்த ஆண்டே, 2017இல் வந்த எக்மாஸ்கிரிப்ட், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் மொழித் தரநிலையின் பதிப்பில், அந்த வேலையைச் செய்யும் ‘பேட்ஸ்டார்ட்’ மொழிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதோடு அந்தப் பேக்கேஜுக்கு வேலையும் போயிற்று.

இதற்கு நேர் எதிரான ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைத் துறை 2018இல் ஒரு வடிவமைப்புத் தொகுப்பை வெளியிட்டது. அரசின் பல்வேறு துறைகள் தங்கள் இணையச் சேவைகளுக்கு அதிலுள்ள காம்பொனன்ட்களை எடுத்துப் பொருத்திக்கொள்கின்றன. அதில் தேதி கேட்கும் காம்பொனன்ட் ஒன்று உண்டு. முதன்முறை பார்க்கிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்: நாள், மாதம், ஆண்டு என்று மூன்று வெறும் பெட்டிகள், மேலே ஒரு தலைப்பு, எப்படி நிரப்புவது என்பதற்கு ஒரு மாதிரி. நாட்காட்டி விரியாது, எதுவும் அசையாது. கல்லூரி மாணவர் ஒருவர் செய்துவிடுவார். செய்துவிடுவார்தான், ஆனால் இதைச் செய்திருக்க மாட்டார். பிறந்த தேதி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கை நாட்காட்டிக்குத்தான் போகும். 1950இல் பிறந்த ஒருவர் அந்த நாட்காட்டியில் மாதம் மாதமாகப் பின்னே போனால் எண்ணூறுக்கும் மேற்பட்ட முறை அம்புக்குறியை அழுத்த வேண்டும். தன் பிறந்த நாளை மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு நாட்காட்டி எதற்கு? வருகிற வெள்ளிக்கிழமை என்ன தேதி என்று தெரியாதவருக்கல்லவா அது வேண்டும்! ஆகவே அவர்களுடைய வழிகாட்டி, பயனருக்கு ஏற்கெனவே தெரிந்த தேதிகளுக்கும் கையிலுள்ள ஆவணத்தைப் பார்த்து எழுதக்கூடிய தேதிகளுக்கும் இந்த மூன்று பெட்டிகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. சரியான தேதி தெரிந்திருக்க வாய்ப்பில்லாத இடங்களில் இதைப் பயன்படுத்தாதே என்றும் சொல்கிறது.

இன்னும் உள்ளே போனால், பெட்டிகளின் அகலமே ஒரு செய்தி: நாளுக்கும் மாதத்துக்கும் இரண்டு இலக்க அகலம், ஆண்டுக்கு நான்கு. நாளை எழுதி முடித்ததும் கர்சர் தானாக மாதத்துக்குத் தாவுமா என்றால், தாவாது. தாவினால் வேகம் என்று நாம் நினைப்போம். விசைப்பலகையை மட்டும் நம்பி இருப்பவரும் திரைவாசிப்பான் வைத்திருப்பவரும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறுவார்கள், டேப் விசையை அழுத்திப் பழகியவர் ஒரு பெட்டியையே தாண்டிப் போய்விடுவார். ஆண்டை மட்டும் விட்டுவிட்டால் ஆண்டுப் பெட்டி மட்டும் சிவக்கும்; பிழைச் செய்தியும் ‘தேதி தவறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஆண்டு விடுபட்டிருக்கிறது என்றே சொல்லும். இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. அந்த மூன்று பெட்டிகளில் பார்க்கத்தக்க நிரல் என்று சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதைத் தானாகக் கண்டடைய வேண்டுமென்றால் பல மாதப் பயனர் சோதனை தேவைப்படும்.

அதே குழு 2020இல் செய்த ஒரு மாற்றம் இன்னும் நுட்பமானது. எண் நிரப்பும் பெட்டிக்கு எச்டிஎம்எல்லில் ‘நம்பர்’ என்றே ஒரு வகை இருக்கிறது. எண் கேட்கிறோம், எண் வகையைப் போடுகிறோம், இதில் தப்பென்ன? அந்தப் பெட்டியில் கர்சர் இருக்கும்போது சுட்டியின் சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகர்வதற்குப் பதிலாகச் சில பிரவுசர்களில் எண் மாறிவிடுகிறது. நிரப்பியவர் அதைக் கவனிக்காமலே அனுப்பிவிடலாம். சில பிரவுசர்கள் எண் அல்லாத எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. எழுதியது ஏன் வரவில்லை என்று பயனருக்குப் புரியாது. சில திரைவாசிப்பான்களும் குரல்வழி எழுதும் மென்பொருள்களும் அந்த வகையோடு ஒத்துப்போவதில்லை. எனவே அவர்கள் சாதாரண எழுத்துப் பெட்டியையே வைத்து, கைபேசியில் எண் விசைப்பலகை வரும்படி ஒரு பண்பை மட்டும் சேர்த்தார்கள். நிரலில் மாறியது ஒன்றிரண்டு சொற்கள். அந்தக் காம்பொனன்டைப் பயன்படுத்திய சேவைகளுக்கு அது புதிய பதிப்பாகப் போய்ச் சேர்ந்தது. தனித்தனியே படிவம் எழுதிக்கொண்டிருந்தவர்கள், சக்கரத்தை உருட்டினால் எண் மாறுகிறது என்பதையே தங்கள் பயனர்களிடமிருந்து புகாராகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். பகிர்வின் பயன் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் பட்டறிந்தது, மற்றவர் படாமலேயே அவருக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தக் கருத்துக்குக் கோட்பாட்டு அடித்தளமும் பழையதே. 1972இல் டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிஞர், ஒரு மென்பொருளை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். வேலை நடக்கும் வரிசைப்படி, முதலில் இது பிறகு அது என்று பிரிப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் அதை மறுத்தார். மாறக்கூடிய, கடினமான முடிவுகளை முதலில் பட்டியலிடு. ஒவ்வொரு பகுதியும் அப்படிப்பட்ட முடிவு ஒன்றைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளட்டும். வெளியே இருப்பவருக்கு அது தெரிய வேண்டாம். தேதிக் காம்பொனன்டை எடுத்துப் பொருத்துகிறவருக்குச் சக்கரத்தின் கதை தெரிய வேண்டியதில்லை. பார்னாஸின் அளவுகோலை லெஃப்ட்-பேட் மீது வைத்துப் பாருங்கள்: அது மறைத்து வைத்திருந்த முடிவு என்ன? ஒன்றுமில்லை.

இந்த அளவுகோலால் இன்னொரு பரவலான நோயையும் அடையாளம் காணலாம். நிறுவனங்களுக்குள் பகிரப்படும் பட்டன் காம்பொனன்டைத் திறந்து பாருங்கள். பெரியதா சிறியதா, நிறம் நிரப்பியதா ஓரக்கோடு மட்டுமா, ஐகான் உண்டா, முழு அகலமா, காத்திருக்கும் நிலையைக் காட்டுவதா, நிழல் வேண்டுமா என்று தெரிவுகள் நீண்டுகொண்டே போகும். ஆம், இல்லை என்ற எட்டுத் தெரிவுகள் இருந்தால் 256 வகைப் பட்டன்கள் பிறக்கின்றன. அவற்றில் எத்தனையை யாராவது கண்ணால் பார்த்திருப்பார்கள்? ஒரு குழு வந்து கேட்டது, ஒரு தெரிவு சேர்த்தோம். இன்னொரு குழு கேட்டது, இன்னொன்று சேர்த்தோம். ஒவ்வொரு தெரிவும், காம்பொனன்டைச் செய்தவர் எடுக்காமல் விட்ட ஒரு முடிவு. அது பயன்படுத்துகிறவர் தலையில் விழுகிறது. மக்கில்ராயின் முந்நூறு சைன்கள் இப்போது ஒரே பேக்கேஜுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. சைனுக்கு அது பொருந்தும். எந்தத் துல்லியம் வேண்டும் என்பது கேட்கிறவருக்குத் தெரியும். எந்த நிறத்தில் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கும், காத்திருக்கும் பட்டனைத் திரைவாசிப்பான் எப்படி அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அவசரத்தில் படிவம் எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சரி, இப்படிப்பட்ட முடிவுகளை எதில் எழுதிவைப்பது? இங்கேதான் வெப் காம்பொனன்ட் என்ற தரநிலை வருகிறது. இதுவும் திடீரென்று வந்ததல்ல. 1999இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் மைக்ரோசாஃப்ட் எச்டிசி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மொசில்லா எக்ஸ்பிஎல் என்று ஒன்றை வைத்திருந்தது. இரண்டும் அந்தந்த பிரவுசரோடு நின்றுபோயின. 2011இல் அலெக்ஸ் ரசல் என்ற நிரலாளர் வெப் காம்பொனன்ட் என்ற எண்ணத்தை முன்வைத்தார். பிரவுசர் நிறுவனங்களிடையே நீண்ட இழுபறிக்குப் பிறகு, இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 2016இல் குரோமிலும் 2017இல் சஃபாரியிலும் 2018இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. குரோமியத்துக்கு மாறிய எட்ஜ் 2020 தொடக்கத்தில் சேர்ந்துகொண்டது. நீங்களே ஒரு எச்டிஎம்எல் குறிச்சொல்லைப் படைக்கலாம்; பெயரில் ஒரு இணைப்புக்கோடு இருந்தாக வேண்டும், நாளைக்கு எச்டிஎம்எல்லே கொண்டுவரும் பெயரோடு மோதாமல் இருப்பதற்காக. பிறகு அதை எந்தப் பக்கத்திலும், எந்த ஃப்ரேம்வொர்க்கோடும், ஃப்ரேம்வொர்க்கே இல்லாமலும் எழுதலாம். இது ஏன் முக்கியம் என்றால், முடிவின் ஆயுள் வேறு, ஃப்ரேம்வொர்க்கின் ஆயுள் வேறு. 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் இறுதியோடு முடிந்தது. அதில் எழுதிய தேதிப் பெட்டியை வேறொன்றில் திரும்ப எழுதியவர்கள், தேதியைப் பற்றிப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மனிதர்கள் பிறந்த நாளை எழுதும் விதம் 2021இல் மாறிவிடவில்லையே!

இந்தத் தரநிலையைப் புகழ்வதில் எனக்குத் தயக்கமும் உண்டு. இதன் எதிர்ப்பாளர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஷேடோ டாம் என்ற உள்வேலி, வெளியிலிருக்கும் சிஎஸ்எஸ் உள்ளே புகாமல் காக்கிறது; அதே வேலி, வெளியே இருக்கும் தலைப்பை உள்ளே இருக்கும் பெட்டியோடு அடையாளப் பெயரால் இணைக்கவும் விடுவதில்லை. திரைவாசிப்பானுக்கு அந்த இணைப்புத்தான் உயிர். இத்தகைய குறிச்சொல் படிவத்தோடு ஒட்டுறவாக இருக்கும் வசதி எல்லா முக்கிய பிரவுசர்களிலும் கிடைத்தது 2023இல், சஃபாரியும் அதை ஏற்ற பிறகு. ரியாக்ட் என்ற லைப்ரரி வெப் காம்பொனன்ட்களை முழுதாக ஏற்றுக்கொண்டது 2024 டிசம்பரில் வந்த 19ஆம் பதிப்பில்தான். ஒரே பக்கத்தில் ஒரே பெயரை இரண்டு முறை பதிவு செய்தால் பிழை எழுகிறது. ஒரு காம்பொனன்டின் இரண்டு பதிப்புகள் ஒரே பக்கத்தில் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு இருந்தும் நான் இதன் பக்கம் நிற்பதற்குக் காரணம், இவை தரநிலைக் குழுக்கள் ஒவ்வொன்றாகத் தீர்த்துவரும் குறைகள். உள்வேலி வேண்டாத இடத்தில் அதைப் போடாமலே குறிச்சொல்லைப் படைக்கலாம். பல சிறிய காம்பொனன்ட்களுக்கு அதுவே நல்லது என்பேன். பிரிட்டிஷ் அரசின் தொகுப்பு இந்தத் தரநிலையைப் பயன்படுத்தவில்லை, வெறும் எச்டிஎம்எல் வார்ப்புகளாகவே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமக்கும் வண்டி எதுவாக இருந்தாலும் சரக்குத்தான் முக்கியம் என்ற என் வாதத்துக்கு அது துணைதான்.

எல்லோரும் ஒரே காம்பொனன்டைப் பயன்படுத்தினால் எல்லா வலைத்தளமும் ஒரே முகமாகிவிடாதா என்று கேட்பார்கள். 2011இல் பூட்ஸ்டிராப் என்ற காம்பொனன்ட் தொகுப்பு வந்தபின் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே நீலப் பட்டன். ஆனால் அங்கே பகிரப்பட்டது தோற்றம். நான் பகிரச் சொல்வது நடத்தையை. நிறம், எழுத்துரு, மூலை வளைவு எல்லாவற்றையும் சிஎஸ்எஸ் மாறிகள் வழியாக வெளியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்; உள்வேலிக்குள்ளும் அவை போகும். எஸ்கேப் விசையை அழுத்தினால் சாளரம் மூட வேண்டும், மூடியதும் ஃபோகஸ் அந்தச் சாளரத்தைத் திறந்த பட்டனுக்கே திரும்ப வேண்டும் என்பதில் தனித்துவம் காட்ட என்ன இருக்கிறது? இந்த நடத்தை பல நூறு லைப்ரரிகளில் எழுதப்பட்டு, தேய்ந்து, இறுதியில் ‘டயலாக்’ என்ற குறிச்சொல்லாக எச்டிஎம்எல்லுக்குள்ளேயே வந்துவிட்டது. குரோமில் 2014, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் 2022. லெஃப்ட்-பேட்டும் மொழிக்குள் போயிற்று, இதுவும் போயிற்று. முன்னது யாருக்கும் எதையும் கற்றுத்தராமல் போனது. பின்னதை எழுதிய லைப்ரரிகள் இல்லாமல் டயலாக் என்ன செய்ய வேண்டும் என்று தரநிலைக் குழுவுக்கே தெரிந்திருக்காது.

இப்போது அதிகம் கேட்கும் மறுப்பு செயற்கை நுண்ணறிவு பற்றியது. தேதிப் பெட்டி வேண்டுமென்றால் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகிறதே, எதற்குப் பகிர வேண்டும்? நிரலைத்தான் பகிர்கிறோம் என்றால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. நிரலின் விலை விழுந்துவிட்டது உண்மை. விழாதது முடிவின் விலை. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் வலைத்தளங்களின் முகப்புப் பக்கங்களை, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. முதல் ஆண்டில் 97.8 விழுக்காடு பக்கங்களில் பிழை இருந்தது, 2024இல் 95.9. ஐந்து ஆண்டுகளில் லைப்ரரிகள் பெருகின, பிழைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அதிகம் காணப்படுபவை பெரிய மர்மங்களும் அல்ல: மங்கிய எழுத்து, விளக்கமில்லாத படம், தலைப்பில்லாத பெட்டி, வெறுமையான பட்டன். திரைவாசிப்பானுக்கு உதவவென்று சேர்க்கும் ‘அரியா’ பண்புகள் இருக்கும் பக்கங்களில், அவை இல்லாத பக்கங்களைவிடப் பிழை அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தொடர்ந்து வருகிறது. அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிக்கலான பக்கங்களில்தான் அவை அதிகம் இருக்கும். ஆனாலும் ஏன் இருக்கிறது என்று தெரியாமல் வெட்டி ஒட்டிய பண்புகள் அந்தக் கணக்கில் நிறைய இருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. இயந்திரம் கற்றுக்கொண்டதும் இதே வலையிலிருந்துதான். சராசரி எழுதியதைச் சராசரியாகத் திருப்பித் தரும். நாட்காட்டி வேண்டாம், மூன்று பெட்டி போதும் என்று யாராவது முதலில் தீர்மானித்து, காரணத்தோடு எழுதிவைத்திருந்தால்தான் அதுவும் அதைச் சொல்லும்.

அடுத்தது பாதுகாப்பு. பிறர் நிரலை நம்புவது ஆபத்து என்பதற்கு லெஃப்ட்-பேட்டைவிட வலுவான சான்று 2018இல் நடந்த ஈவன்ட்-ஸ்ட்ரீம் விவகாரம். பராமரிக்க நேரமில்லாத ஆசிரியர், உதவ முன்வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் பேக்கேஜை ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்துத் திருட்டு நிரலை நுழைத்தார். இந்த மறுப்பை நான் அப்படியே ஏற்கிறேன். பதினொரு வரிக்காக ஒரு அந்நியரை வீட்டுக்குள் விடக் கூடாது. அதனால்தான் எதைப் பகிர்வது என்ற அளவுகோல் கடுமையாக இருக்க வேண்டும் என்கிறேன்: குறைவாக, கனமாக, பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஆள் இருக்கும்போது மட்டும். பராமரிப்புக்கு ஆள் இல்லாத காம்பொனன்டை வெளியிடுவதைவிட, அந்த முடிவை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வெளியிடுவது மேல். படித்தவர் தன் நிரலைத் தானே எழுதிக்கொள்வார். சிறிய குழுக்களுக்கு நான் சொல்வதும் இதுவே. நாலைந்து பேர் இருக்கும் இடத்தில் முதல் நாளே பொதுக் காம்பொனன்ட் கட்டத் தொடங்காதீர்கள். ஒரே சிக்கல் மூன்றாம் முறை வரும்வரை நகலெடுத்தே ஓட்டுங்கள். மூன்று இடத்திலும் எது ஒன்றாக இருந்தது, எது மாறியது என்று அப்போதுதான் தெரியும். அதற்கு முன்னால் எடுக்கும் முடிவு ஊகம்.

கடைசியாக நம் மொழி. இந்த அலமாரியில் இருக்கும் காம்பொனன்ட்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. அது சதியல்ல, எடுத்தவர்களுக்குத் தெரிந்தது அதுதான். எழுத்து வரம்பு வைத்த பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரில் நமக்கு எட்டு எழுத்து. எச்டிஎம்எல் விதி கணக்கிடும் முறையில் அது பதினைந்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. பத்து என்று வரம்பு வைத்த பெட்டியில் அந்தப் பெயரை ஒட்டினால் ‘கிருஷ்ணமூர’ என்று நிற்கும்; ரகரத்தின் புள்ளிகூட உள்ளே வராது. தமிழர் எண்ணுவதுபோல எழுத்தை எண்ணித் தரும் ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற வசதி இப்போது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் வந்தது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற முடிவைக் காம்பொனன்டுக்குள் யாராவது எடுத்து வைக்க வேண்டும். தமிழில் படிவம் எழுதும் ஒவ்வொருவரும் இதைத் தனியே கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது.

பெயர்ப் பெட்டி இன்னும் சிக்கலானது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால், ‘மு. கார்த்திக்’ எங்கே எதை எழுதுவார்? ஒரு இடத்தில் தந்தை பெயரை விரித்து எழுதுகிறார், இன்னொரு இடத்தில் முன்னெழுத்தை மட்டும் போடுகிறார், குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று பெட்டி மறுத்தால் அதே எழுத்தை இரட்டித்துப் போடுகிறார். பிறகு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். முழுப்பெயருக்கு ஒரே பெட்டி போதும் என்று பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது. அது நமக்கும் பொருந்தும், ஆனால் நம் கேள்விகள் அதோடு முடியவில்லை. முன்னெழுத்து முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் தேடும்போது ஒன்றாகக் கொள்வதா? முன்னெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி, இரண்டும் இல்லாமை ஆகிய மூன்றையும் ஏற்பதா? அகரவரிசையில் அடுக்கும்போது முன்னெழுத்தைக் கணக்கில் எடுப்பதா, பெயரையா? தாய், தந்தை இருவரின் முன்னெழுத்தையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வரம்பு எத்தனை? ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாக இருக்கும் முன்னெழுத்து, தமிழில் ‘ஸ்ரீ’ என்று வந்தால் கணினிக்கு நான்கு குறி. பெட்டி அதைத் தாங்குமா? இவற்றுக்கு லண்டனிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் குழு விடை கண்டு தராது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ படிவம் எழுதும் குழுக்கள், தங்கள் பயனர்கள் பெயர்ப் பெட்டியில் என்ன எழுதிவிட்டு எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்ற பட்டியலைப் பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுவில் வைத்தால், அதிலிருந்து ஒரு காம்பொனன்டை எழுதத் தொடங்கலாம். நிரல் அதிகம் போனால் நூறு வரி வரும்.